ஏழு பேர்ச்சஸும் ஒரு விலாசமும்

அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் எந்தக் காம்பராவுக்குள் போனாலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். கூரை ஒழுகாத மூலை பார்த்து, பெரும்பாலும் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருப்பார்கள். திறந்தால் ஒரு சொப்பிங் பேக், அதற்குள் இன்னொரு பேக், அதற்குள் மடித்த தழும்பில் கிழியத் தொடங்கிய கடதாசிகள். பிறப்புச் சாட்சிப் பத்திரம், தோட்டத்து ஆபீசில் எழுதி வாங்கிய கடிதம், சேமலாப நிதிப் பாரம், இந்தியாவுக்குப் போன பெரியப்பா எழுபதுகளில் போட்ட நீலக் கடிதம், 2003இல் நிரப்பிக் கொடுத்த பிரகடனத்தின் பிரதி. வெள்ளம் வந்தாலும் மண் சரிந்தாலும் பிள்ளைகளுக்கு அடுத்தபடி வெளியே தூக்கிக்கொண்டு ஓடுவது இந்தப் பெட்டியைத்தான். காணி உறுதி மட்டும் அதில் பெரும்பாலும் இருக்காது.

‘நிரந்தர வதிவாளர்’ என்ற சொல்லை இன்று கேட்டால் பலருக்குக் கனடாவும் அவுஸ்திரேலியாவும் நினைவுக்கு வரும். அங்கே போன நம்மவர்களுக்கு வரிசை தெரியும்: விசா, சில வருட வேலை, பரீட்சை, மருத்துவச் சோதனை, கடைசியில் ஓர் அதிகாரி கையெழுத்திட்டுத் தரும் அட்டை. அந்தக் கடைசிப் படியில் ஏறிய அன்று இரவு பிரியாணி ஆக்குவார்கள். அப்புத்தளை சேர்ந்த ஊவாத் தோட்டங்களில் ஐந்தாறு தலைமுறையாக இருக்கும் இந்திய வம்சாவளி மலையக மக்களுக்கு அந்தக் கடைசிப் படி எது, அதில் அவர்கள் ஏறிவிட்டார்களா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. குடியுரிமை கிடைத்தவுடன் முடிந்தது என்று சொல்வோர் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. வேலை நின்றாலும் வீட்டைவிட்டு எழுப்ப முடியாது என்ற நிலை வரும்வரை எந்த மனிதரும் எந்த ஊரிலும் நிரந்தரமாக வசிப்பதாகச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கில் கடைசிப் படி காணி உறுதிதான்.

இலங்கை அரசு இந்த மக்களிடம் ‘நீ நிரந்தரமா?’ என்று கேட்டது ஒருமுறை இருமுறை இல்லை. முதல் கேள்வி 1931இல் வந்தது. டொனமூர் ஆணைக்குழு 1928இல் சர்வஜன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது, ஐந்து வருடம் இங்கே இருந்த இந்தியத் தொழிலாளிக்கும் வாக்கு இருக்கட்டும் என்றது. சட்டசபையில் எதிர்ப்பு எழுந்தது. இத்தனை லட்சம் கூலிகளுக்கு வாக்குக் கொடுத்தால் மலைநாட்டுச் சிங்களவர் கதி என்ன என்றார்கள். ஒப்பேற்றிய சமரசத்தில் பிறந்ததுதான் நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ். ஐந்து வருடம் இருந்ததை நிரூபித்து, இனி இங்கேயே இருப்பேன் என்று அரசாங்க அதிபர் முன்னிலையில் சொல்லி, வேறெந்த அரசாங்கத்தின் பாதுகாப்பையும் கோரமாட்டேன் என்று கைவிட வேண்டும். கூலியையும் அரிசி விலையையும் பற்றிக் கேட்க இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதி ஒருவர் இருந்த காலம் அது. அந்த ஒரே பிடிமானத்தை விட்டுவிட்டு வாக்குச் சீட்டு வாங்கு என்றால் யார் வாங்குவார்கள்? வாங்கியவர்கள் சொற்பம். வாங்காததைக் காட்டியே ‘இவர்கள் நிரந்தரமாக இருக்க வந்தவர்கள் இல்லை’ என்று பின்னால் வாதாடினார்கள்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை. ஒரு வருடம் கொஞ்சம் தாண்டியதுதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15இல் அமுலுக்கு வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும், அதையும் காட்ட வேண்டும். பூட்டனின் பிறப்பை எந்தப் பெரிய கங்காணி எந்தப் புத்தகத்தில் பதிந்து வைத்தான்? அடுத்த வருடம் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் (பிரஜாவுரிமை) சட்டம் வந்தது. பெயரிலேயே ‘வதிவாளர்’. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் மணமானவர் ஏழு வருடம், மணமாகாதவர் பத்து வருடம் இடையறாது வசித்திருக்க வேண்டும். மனைவியும் சிறு பிள்ளைகளும் அப்படியே இடையறாது இருந்திருக்க வேண்டும்.

‘இடையறாது’ என்ற அந்த ஒரு சொல்லில் எத்தனை குடும்பம் விழுந்தது என்பதை இன்றைய இளையவர்கள் அறிவதில்லை. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். திருச்சியிலோ சேலத்திலோ தாய்வீடு இருந்து, போன இடத்தில் காய்ச்சலோ பஞ்சமோ ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தால், ஒரு குடும்பத்தின் வதிவு அறுந்துபோகும். பிள்ளை பெற்ற மனைவியின் பயணம் புருஷனின் பிரஜாவுரிமையை வெட்டியது. காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது, பிறகு மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னது. 1951 ஓகஸ்ட் 5இல் தவணை முடியும்போது ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள், அவற்றுக்குள் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் விசாரித்து முடித்தபோது தேறியவர்கள் ஏறத்தாழ 134,000. மற்றவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள். நடுவில், 1949இலேயே, வாக்கும் போயிற்று.

விசாரணையில் எதைக் காட்டினார்கள் என்பது என்னை எப்போதும் உறுத்தும் விஷயம். தோட்டத்துச் செக்ரோல், அதாவது வேலைப் பதிவேடு. பிரட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தான், அரைப் பேர் போட்டதா முழுப் பேர் போட்டதா, எவ்வளவு முன்பணம் கழித்தது என்று எழுதி வைத்த அதே புத்தகம். அடிமைக் கணக்குத்தான் குடியிருப்புக்குச் சாட்சி. அந்தப் புத்தகமோ துரையின் ஆபீசில் கிடந்தது. தொழிற்சங்கத் தகராறு செய்த ஆளுக்கு வேலையை விட்டு விலக்கும் பத்துச்சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தால் அவர் பெயர் ஒரு தோட்டத்தில் அறுந்து இன்னொரு தோட்டத்தில் தொடங்கும். பிறகு இடையறாமையை எங்கே தேடுவது?

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 975,000 பேர் என்று எடுத்துக்கொண்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டார்கள். கூடைக் கொழுந்தைப் பிரிப்பதுபோல என்று எழுதக் கை வருகிறது. கொழுந்தை நிறுத்தாவது பார்ப்பார்கள்.

இலங்கை ஏழு பேரைப் பிரஜையாக்கும்போது இந்தியா நான்கு பேரை அழைத்துக்கொள்ளும் என்றுதான் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். விகிதம் நேர்மாறானது: ஏழு பேர் அங்கே போனால்தான் நான்கு பேருக்கு இங்கே கதவு திறக்கும். அதனால் அயல் வீட்டார் பயணம் சொல்லிக்கொண்டு போவதில்தான் தனக்குக் கிடைக்கும் பிரஜாவுரிமை தங்கியிருந்தது. அப்புத்தளைக்கு ரயில் பாதை வந்தது 1893இல், தேயிலை இறக்க. அதே பாதையில் எழுபதுகளில் டிரங்குப் பெட்டியும் அம்மியுமாக ஆட்களை இறக்கினார்கள். பொல்கஹவெலவில் மாறி, அநுராதபுரம் தாண்டி, தலைமன்னாரில் கப்பல். ஸ்டேஷனில் எழுந்த அழுகையால் அந்த ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. செத்த வீட்டுக்குரிய பாட்டை உயிரோடு போகிறவர்களுக்குப் பாடினார்கள். தவறாகப் பாடினார்கள் என்று சொல்ல முடியவில்லை.

1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போக முடியாமல் நின்றவர்களின் கதை தனி. அவர்கள் லயத்திலேயே இருந்தார்கள், அதே மலையில் கொழுந்து பறித்தார்கள், அதே கோயிலில் தீ மிதித்தார்கள். சட்டத்தின் கண்ணில் தவணை தாண்டிய வெளிநாட்டுக்காரர்கள். 1986 தைப்பொங்கலோடு தொண்டமான் நடத்திய பிரார்த்தனைப் போராட்டம், அந்த வருடச் சட்டம், 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் என்று முடிச்சுகள் ஒவ்வொன்றாய் அவிழ்ந்தன.

கடைசி முடிச்சு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். அதை ஒருமுறை நின்று படிக்க வேண்டும். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையின் நிரந்தர வதிவாளராக இருந்த இந்திய வம்சாவளியினர், அவர்களின் வழிவந்து இங்கே வசிப்போர், இலங்கைப் பிரஜைகள். இரண்டு தலைவர்கள் ஆட்களைப் பங்கிட்ட அந்தத் திகதியையே ‘அன்று நீ இங்கே இருந்தாய்’ என்பதற்கான எல்லைக்கோடாகச் சட்டம் எடுத்துக்கொண்டது. துரத்த வைத்த நாள் ஒட்டவைக்கும் நாளாயிற்று. சட்டம் எழுதியவர்களுக்கு இதில் முரண் தெரிந்ததோ என்னவோ, மக்களுக்குத் தெரிந்தது. நாடற்றவர்கள் பொதுப் பிரகடனம் ஒன்றை நிரப்பினால் போதும், இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசேட பிரகடனம் கொடுக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகரகமும் தொழிற்சங்கங்களும் தோட்டம் தோட்டமாக இறங்கியதில் பத்தே நாளில் ஏறத்தாழ 190,000 பேர் பிரஜைகளானார்கள். 55 வருடச் சிக்கலுக்குப் பத்து நாள். மனம் வைத்தால் எவ்வளவு சீக்கிரம் முடியும் என்பதற்கு இலங்கை நிர்வாக வரலாற்றில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. யுத்தத்தால் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனவர்களுக்கும் வழி வைத்து 2009இல் திருத்தினார்கள்.

ஆக வாக்கு வந்தது, அடையாள அட்டை வந்தது. 2024 பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் தெரிவானார்கள். மலையகப் பெண்கள் நாடாளுமன்றம் போனது அதுதான் முதல் தடவை. இதையெல்லாம் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட வேலை. ஆனால் அந்த அடையாள அட்டையைப் புரட்டி விலாசத்தைப் பாருங்கள்.

தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அப்புத்தளை. நூறு குடும்பத்துக்கு இதே மூன்று வரி. அப்பர் டிவிஷனில் நாலு மகேஸ்வரியும் ஆறு ராஜேந்திரனும் இருப்பார்கள். கடிதங்கள் கட்டாகத் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது மேலே போகும்போது கொடுத்து விடுவார்கள். அடகு வைத்த தோடு ஏலத்துக்குப் போகிறது என்ற அறிவித்தல் ஏலம் முடிந்தபிறகு வரும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், நீதிமன்ற அழைப்பாணை, எல்லாம் அதே கட்டில். எனக்கே ஒருமுறை நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்து எட்டாம் நாள் கிடைத்தது. அனுப்பிய அலுவலகம் திகதி பிசகாமல்தான் அனுப்பியிருந்தது, முத்திரையில் தெரிந்தது. ஆபீஸ் மேசையில் இருந்தவரைக் கேட்டால், “தம்பி, மழை நாள்ல யாரு மேல ஏறி வாறது?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

பாதை, விளக்கு, குப்பை எல்லாவற்றிலும் இதே கதைதான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளைச் சபையின் சேவைக்கு வெளியே தள்ளி வைத்தது. வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், அந்த உறுப்பினர் உங்கள் லயத்துக்கு ஒரு கானும் வெட்டித்தர முடியாதிருந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே வருடம் மலையகத்துக்கென்று புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் சட்டமாயிற்று. ‘கிராமம்’ என்ற சொல்லைத் தோட்டத்துக்குச் சட்டம் பாவித்ததே ஒரு பெரிய விஷயம். இங்கே பழைய ஆட்கள் ‘ஊருக்குப் போறேன்’ என்றால் இந்தியாவுக்கு என்று அர்த்தம். ‘நாட்டுக்குப் போறேன்’ என்றால் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கு. தாங்கள் இருக்கும் இடத்துக்கு ஊர் என்றோ நாடு என்றோ பெயரில்லை, தோட்டம்தான்.

காணிக்கு வருவோம். இங்கேதான் சிக்கல் நூல்கண்டாக இருக்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992இல் நிர்வாகத்தைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கொடுத்தார்கள். குத்தகை 53 வருடம், 2045 வரை. தேயிலை மலையோடு லயமும், கோயிலும், சுடுகாடும், வீட்டுக்குப் பின்னால் கறிவேப்பிலை நட்ட இரண்டு சாண் நிலமும் அந்தக் குத்தகைக்குள் போயிற்று. காணி அரசுடையது, அனுபவம் கம்பனியுடையது, குடியிருப்பவர் இரண்டு கணக்கிலும் இல்லை. குடும்பத்தில் ஒருவராவது செக்ரோலில் பேர் போட்டிருந்தால் காம்பராவைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். அது எழுதாத விதி. இன்று தோட்டத்தில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலையில் இல்லை. பிள்ளைகள் கொழும்பில் கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் நிற்கிறார்கள், பெண்கள் மத்திய கிழக்கில் இருக்கிறார்கள். கடைசியாகப் பேர் போட்டுக்கொண்டிருக்கும் அம்மா ஓய்வு பெற்றால் அந்தக் காம்பராவுக்கு என்ன முறை?

ஒரு துண்டுக் காணியை வீட்டுக்கென்று பிரித்து உறுதி எழுதும் வழியைப் பார்த்தால் தலை சுற்றும். முதலில் கம்பனி தன் குத்தகையிலிருந்து அந்தத் துண்டை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். நல்ல தேயிலை நிற்கும் சமதரையை எந்தக் கம்பனியும் விடாது, கல்லும் மானாப்புல்லும் கிடக்கும் சரிவைத்தான் காட்டும். அந்தச் சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து மண்சரிவு அபாயம் இல்லை என்று அறிக்கை தர வேண்டும். சரிவு என்பதாலேயே பல இடத்தில் அறிக்கை கிடைக்காது. கிடைத்தால் நில அளவையாளர் வந்து வரைபடம் போட்டுத் துண்டு இலக்கம் கொடுக்க வேண்டும். காணியின் சட்டப்படியான சொந்தக்காரரான அரச நிறுவனம் விடுவிக்க வேண்டும், அமைச்சரவை அனுமதிக்க வேண்டும். அதன்பிறகு உறுதி எழுதி, ஒப்பம் வைத்து, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதிந்த அன்றுதான் அந்த ஆள் இந்த மண்ணின் நிரந்தர வதிவாளர். அதற்கு முந்திய எந்தப் படியில் நின்று போனாலும் கையில் இருப்பது ஒரு வாக்குறுதிக் கடிதம்.

வீடுகள் கட்டவே இல்லை என்று சொல்லவில்லை. தொண்ணூறுகளிலிருந்து தோட்ட வீடமைப்புக்கென்று நிதியமும் கடனும் இருந்தன. சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக் கடனைக் கட்டி முடித்தும் உறுதி காணாத குடும்பங்கள் இன்றும் உண்டு. 2015க்குப் பிறகு ஏழு பேர்ச்சஸ் தனிவீடு என்பது கொள்கையாக வந்தது. இந்திய அரசு முதலில் 4,000 வீடு, பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டில் நரேந்திர மோடி அறிவித்தபடி மேலும் 10,000 வீடு என்று கைகொடுத்தது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளை மைதானத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க முன்னிலையில் ஏறத்தாழ 2,000 குடும்பங்கள் வீட்டுரிமைப் பத்திரம் வாங்கின. அப்புத்தளையிலிருந்து பண்டாரவளை கூப்பிடு தூரம். நல்ல நாள்தான். திரும்பி வரும் பஸ்ஸிலேயே ‘இது உறுதியா, இல்லாட்டி உறுதி தாறதுக்கு உறுதியா?’ என்று பேச்சு எழுந்ததில் ஆச்சரியமில்லை. மூன்று தலைமுறை கடதாசியால் அடிபட்டவர்கள் கடதாசியின் முதுகையும் புரட்டித்தான் பார்ப்பார்கள்.

ஏழு பேர்ச்சஸ் எவ்வளவு? ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஏழு பேர்ச்சஸ் 1,900 சொச்சம். வீட்டுக்கு 550 சதுர அடி போனால் மிச்சத்தில் கழிப்பறைக் குழியும், ஒரு பசுக்கொட்டிலும், பத்துப் பாத்தி மரக்கறியும். அதே நாட்டில் மகாவலித் திட்டத்தில் குடியேறிய விவசாயிக்கு வயலாக இரண்டரை ஏக்கரும் வீட்டுக்கென்று அரை ஏக்கரும் கொடுத்தார்கள். அரை ஏக்கர் என்றால் 80 பேர்ச்சஸ். அந்த விவசாயிக்குக் கொடுத்தது தவறு என்று யாரும் நினைக்கவேண்டாம். அவருக்கு அது கிடைத்தது நல்லதே. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் தொடங்கி, காணியில்லாத கிராமத்தவரைக் காணியில் இருத்துவது அரசின் கடமை என்று இந்த நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் கடமை தேயிலைக் கன்றுக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது. இப்போது பத்துப் பேர்ச்சஸ் என்றும் பேசுகிறார்கள். எண்ணைப் பற்றிச் சண்டை பிடிக்கலாம், முதலில் துண்டு இலக்கம் வரட்டும்.

காணி இல்லாமையின் விலையைக் கொஸ்லாந்தையில் பார்த்தோம். அப்புத்தளையிலிருந்து பெரகலை இறங்கி வெல்லவாயப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது. மீரியபெத்தைத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரம், மலை இறங்கி லய வரிசைகளை மூடியது. பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளைகளுக்கு வீடு இருந்த இடம் தெரியவில்லை. அந்த இடம் ஆபத்தானது, எழும்புங்கள் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்தது உண்மை. பிறகு பலர் இதையே சொல்லி மக்களைக் குற்றம் சாட்டினார்கள். எழும்பி எங்கே போவது? பக்கத்து மலையில் ஒரு கூடாரம் போடக்கூட ஆபீசில் கேட்க வேண்டிய ஆட்களுக்கு வந்த எச்சரிக்கை அது.

அன்று இன்னொன்றும் தெரிந்தது. புதைந்தவர்கள் எத்தனை பேர் என்று முதல் நாள் யாருக்கும் தெரியவில்லை. முந்நூறு என்றார்கள், நூறு என்றார்கள், கடைசியில் நாற்பதுக்குக் கீழே வந்து நின்றது. ஏழு வருடம், பத்து வருடம், இடையறாது என்றெல்லாம் இந்த மக்களின் வதிவை இழை இழையாகப் பிரித்துப் பார்த்த அரசுக்கு, ஒரு தோட்டத்தில் அன்று காலை எத்தனை பேர் வசித்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. தப்பியவர்கள் மூடிக்கிடந்த மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் தட்டி மறைத்து இரண்டு வருடம் போலக் கிடந்தார்கள். 2016 ஒக்டோபரில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையில் மறுபடி மண் சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டம் பட்டது கொஞ்சமல்ல.

கப்பலேறிப் போனவர்களுக்காவது கடைசிப் படி கிடைத்ததா என்று பார்த்தால், மண்டபம் முகாமில் இறங்கி நீலகிரி ஏறியவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இவர்களுக்காகவே 1968இல் தொடங்கிய திட்டம் அது. பிறகு ‘டேன்டீ’ என்று அரசு நிறுவனமானது. இங்கே ‘கள்ளத்தோணி’ என்ற ஏச்சு, அங்கே ‘சிலோன்காரன்’ என்ற பெயர். குடியிருப்பு அங்கேயும் வேலையோடு கட்டப்பட்டதுதான். ஓய்வு பெற்றால் வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் பிரச்சினை கடல் தாண்டியும் கூடவே போயிற்று. யுத்த காலத்தில் படகேறிய இந்திய வம்சாவளியினருக்கோ கடதாசியே கிடைக்கவில்லை. திருச்சி முகாமிலிருந்து 65 பேர் தொடுத்த வழக்கில், இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகப் பார்க்காமல் விண்ணப்பத்தைப் பரிசீலியுங்கள் என்று 2019 ஜூனில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டார். பூர்வீக மண்ணிலேயே ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று பெயர் வாங்க இந்த ஒரு சமூகத்தால்தான் முடியும். மலேசியாவில் ரப்பர் வெட்டிய நம்மவர்களில் பலர் சிவப்பு அட்டையோடு, நிரந்தர வதிவாளராகவே கிழவராகிச் செத்தார்கள். குடியுரிமையின் நீல அட்டை வரவில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வீடும் போனது. அவர்களுக்குக் குடியுரிமை என்ற நடுப்படியே கால் வைக்கக் கிடைக்கவில்லை, இலங்கையில் நடுப்படி கிடைத்துக் கடைசி நிற்கிறது.

உறுதி கொடுத்தால் விற்றுக் குடித்துவிடுவார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். சில சங்கத் தலைவர்கள் வாயிலும் இதைக் கேட்டிருக்கிறேன். விற்கும் உரிமை இல்லாத சொத்தை யாரும் சொத்து என்று சொல்வதில்லை. வேண்டுமானால் மகாவலிக் குடியேறிக்கு வைத்ததைப்போலச் சில நிபந்தனை வைக்கலாம். நிபந்தனை வைப்பதற்கும் முதலில் உறுதி வேண்டும். வீடு சொந்தமானால் வேலைக்கு வரமாட்டார்கள் என்ற கம்பனிக் கவலை கொஞ்சம் நேர்மையானது. வீட்டைக் காட்டி ஆளைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதை அது ஒத்துக்கொள்கிறது. பேர் போட ஆள் இல்லாமல் மலைகள் காடாவதைப் பார்த்தால் அந்தப் பிடியும் நழுவிவிட்டது தெரிகிறது.

யார் பெயரில் உறுதி என்பதும் சின்ன விஷயமில்லை. குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் ஆணின் பெயரை எழுதுவது எழுதுநரின் கைப்பழக்கம். செக்ரோலில் முப்பது வருடம் பேர் போட்டு அந்தக் காம்பராவைக் காப்பாற்றி வைத்திருந்தது பெரும்பாலும் பெண். பெயர் எழுதும் நாளில் அவளும் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும், இரண்டு பெயரும் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.

2023இல் மலையகத்தார் 200 வருடத்தை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அதே வருடம் ஒக்டோபரில் தேசிய மக்கள் சக்தி ஹட்டன் பிரகடனத்தில் காணி, வீடு, விலாசம் மூன்றையும் பற்றி எழுதியது. எழுதியவர்கள் இப்போது ஆட்சியில் இருக்கிறார்கள். 2003இல் பத்து நாளில் முடித்த நாடு இது என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துவது நம் வேலை.

அதற்கிடையில் அப்புத்தளை, கொஸ்லாந்தை, பூனாகலைப் பக்கம் யாராவது மேடை போட்டுக் கையில் ஒரு பத்திரம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கைதட்ட முன் அதில் நான்கு விஷயம் பாருங்கள்: நில அளவை வரைபட இலக்கம், துண்டு இலக்கம், பேர்ச்சஸ் கணக்கு, காணிப் பதிவகத்தில் பதிந்த இலக்கமும் திகதியும். நான்கும் இருந்தால் தகரப் பெட்டியில் வையுங்கள். ஒன்று குறைந்தாலும் அடுத்த நாளே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போய், மிச்சம் எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். பதிலை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்பார்கள். அதையும் அவர்களிடமே கேளுங்கள்.